மேப்பே வழி சொல்லுதே, உனக்கு அங்கே என்ன வேலை?

ஆம்ஸ்டர்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? போனில் பேசும்போது உங்கள் பக்கம் எப்போதும் ஹாரன் சத்தம், என் பக்கம் அடுத்த மீட்டிங்குக்கு நேரம். போன வாரம் "மேப்பே வழி சொல்லுதே, உனக்கு அங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு "அப்புறம் சொல்றேன்ப்பா" என்று வைத்துவிட்டேன் இல்லையா, அதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியிடம் சொல்லி பிரிண்ட் எடுத்துப் படியுங்கள், போனில் படித்தால் கண் வலிக்கும்.

அதற்கு முன்னால் அம்மா கேட்டதற்குப் பதில். இங்கே பிஎச்டி செய்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள், நானும் அப்படித்தான். நாலு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், வரிப் பிடித்தம் எல்லாம் உண்டு, மே மாதம் விடுமுறைப் பணம் என்று தனியாக ஒரு தொகை வேறு வரும். யாராவது "பொண்ணு இன்னும் படிக்குதா" என்று கேட்டால் வேலை பார்க்கிறாள் என்றே சொல்லலாம், பொய் இல்லை. சாப்பாடுதான் கொஞ்சம் கஷ்டம். மதியம் எல்லோரும் ஆறிப்போன ரொட்டியில் சீஸ் வைத்துச் சாப்பிட்டுவிட்டு அரை மணியில் எழுந்துபோய்விடுகிறார்கள். சுரினாம் என்ற தென் அமெரிக்க நாட்டுக்காரர்கள் கடையில் பாகற்காயும் நீளக் காராமணியும் கிடைப்பதால் ராத்திரிச் சமையல் ஓடுகிறது. மீன் பற்றிக் கேட்டீர்களே: உப்பில் பதப்படுத்திய ஹெரிங் மீனை அடுப்பே காட்டாமல் துண்டு போட்டு, வெங்காயம் தூவித் தெருவிலேயே நின்று சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான் வேலை செய்யும் பகுதி ஒரு காலத்தில் ஏரி. 1629-ல் தண்ணீரை இறைத்து வெளியேற்றி நிலமாக்கியிருக்கிறார்கள், இன்றைக்கும் கடல் மட்டத்துக்குச் சுமார் 5 மீட்டர் கீழே இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பகல் 12 மணிக்கு நாடு முழுக்க அபாயச் சங்கு ஊதும், சோதனைக்காக. முதல் தடவை நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன், மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அது எத்தனாம் நம்பர் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, சும்மா ஊதும் சங்கு புரிய நாளானது.

1953 ஜனவரி கடைசி ராத்திரி இங்கே கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்து 1,836 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கரையை எவ்வளவு உயரம் கட்டினால் போதும் என்று கணக்குப் போட்டவர்களில் டேவிட் வான் டான்ட்சிக் என்ற கணிதப் பேராசிரியர் ஒருவர். அவரும் வேறு சிலரும் சேர்ந்து 1946-ல் இந்த ஊரில் ஒரு கணித மையத்தைத் தொடங்கியிருந்தார்கள், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் ரொம்ப நாள் இயங்கியது. அங்கே வேலை செய்த ஒரு இளைஞர்தான் உங்கள் மேப்புக்கு மூலகாரணம்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ல் அந்த மையத்தில் ஆர்மாக் என்று ஒரு கணிப்பொறி கட்டி முடித்தார்கள். அது என்ன செய்யும் என்பதைப் பொதுஜனத்துக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டும், கேள்வியும் புரிய வேண்டும், விடையும் புரிய வேண்டும். இந்த நாட்டின் 64 ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வழி எது என்று கேட்கலாம் என்று முடிவு செய்தார். கல்யாணம் செய்துகொள்ளப்போகும் பெண்ணோடு கடைத்தெருவில் சுற்றிவிட்டு, களைப்பாகி, காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில் 20 நிமிடத்தில் மனதுக்குள்ளேயே அந்த முறையைப் போட்டுவிட்டாராம், பேனா பேப்பர் எதுவும் இல்லாமல். அதை அச்சில் போட்டது 1959-ல்தான். (1957-ல் கல்யாணப் பதிவில் தொழில் "புரோகிராமர்" என்று எழுதப் போனால், அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரி மறுத்துவிட்டார். நம் பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்பதையெல்லாம் நினைத்தால் அந்த அதிகாரி பரவாயில்லை.)

அந்த முறையை நீங்கள் லோடு ஓட்டும் நம் ரூட்டிலேயே சொல்கிறேன், நிமிடம் எல்லாம் தோராயம், சண்டைக்கு வராதீர்கள். கடலூர் முதுநகரில் கிளம்புகிறீர்கள். நெல்லிக்குப்பம் 35 நிமிடம், குறிஞ்சிப்பாடி 45 நிமிடம். மற்ற ஊர்களுக்கு இப்போதைக்கு "தெரியாது". தெரிந்ததில் குறைவு நெல்லிக்குப்பம். அதை 35-ஐ விடச் சீக்கிரமாக வேறு எப்படியும் அடைய முடியாது, ஏனென்றால் வேறு வழி என்றால் குறிஞ்சிப்பாடி போய்த்தான் சுற்றி வரவேண்டும், அதற்கே 45 ஆகிறது. ஆகவே நெல்லிக்குப்பத்தின் கணக்கு முடிந்தது, இனி அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அங்கிருந்து பண்ருட்டிக்கு 20, மொத்தம் 55. அடுத்துக் குறைந்தது குறிஞ்சிப்பாடி, அதையும் முடி. அங்கிருந்து வடலூர் 15, மொத்தம் 60. வடலூர் வழியாகப் பண்ருட்டிக்கு வந்தால் நூறு ஆகும், ஏற்கெனவே 55 இருக்கிறது, விட்டுத் தள்ளு. இவ்வளவுதான். இதில் அழகு எங்கே என்றால், ஒரு ஊரை முடித்துவிட்டால் முடித்ததுதான்.

இப்படிச் செய்யாமல் எல்லா வழியையும் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம் போட்ட தெருக்களை நாம் பிரெஞ்சுக்காரன் வேலை என்றே சொல்கிறோம், ஆனால் 1693-லிருந்து 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது வரைந்த திட்டம்தான் அதற்கு அடிப்படை. இங்கே ஆபீசில் அதைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே பெருமை, நான்தான் ஏதோ பரிசு கொடுத்த மாதிரி. சரி, அப்படிக் கட்டம் கட்டமான ஊரில் 10 தெரு கிழக்கே, 10 தெரு வடக்கே போக வேண்டும் என்றால், ஒரே நீளமுள்ள குறுக்கு வழிகள் மட்டும் 1,84,756 இருக்கின்றன. 20 தெருவுக்கே இந்தக் கதி.

வாரத்தில் ஒரு நாள் முதல் வருடப் பிள்ளைகளுக்கு லேபில் உதவி செய்கிறேன். அண்மையில் ஒரு பையன் இதே டைக்ஸ்ட்ரா முறையை ஜாவா என்ற கணிப்பொறி மொழியில் எழுதிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய புரோகிராம் ஒரு ஊருக்குப் போய்ச்சேர மைனஸ் 2147483624 நிமிடம் ஆகும் என்கிறது. அதாவது கிளம்புவதற்கு நாலாயிரம் வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அவன் என்ன செய்திருந்தான் என்றால், "தெரியாது" என்பதற்குப் பதிலாக அந்த மொழியில் சாதாரண முழு எண்ணுக்கு உள்ள ஆகப்பெரிய மதிப்பான 2147483647-ஐப் போட்டிருந்தான். வழியே இல்லாத ஊர் ஒன்றிலிருந்து 25 நிமிடச் சாலை ஒன்றைக் கூட்டியதும் எண் உச்சியைத் தாண்டி, மறுபக்கம் எதிர்மறைக்குப் போய் விழுந்துவிட்டது. திரையை மூடச்சொல்லி, மூன்றே ஊர் வைத்துத் தாளில் போடச்சொன்னேன், அவனே கண்டுபிடித்தான். நமக்கு "தெரியாது" என்று தெரியும், அதற்கு அது வெறும் எண். எனக்குப் புரோகிராம் எழுதுவது பிடிப்பதற்குக் காரணமே இதுதான். மனிதர்கள் நாம் சொல்லாததையும் புரிந்துகொண்டு தலையாட்டிவிடுகிறார்கள், மெஷின் ஆட்டாது.

இனி உங்கள் கேள்வி. 1956-லேயே முடிந்த கதை என்றால் நான் ஏன் இங்கே?

2024-ல் ஒரு குழு, டைக்ஸ்ட்ராவின் முறையைச் சரியான விதத்தில் செய்தால், எந்த ஊர்ப் படத்தை எடுத்தாலும் அதைவிட மேலாகச் செய்யவே முடியாது என்று நிறுவியது. இந்தத் துறையின் பெரிய தலைகளில் ஒருவரான ராபர்ட் டார்ஜனும் அதில் இருக்கிறார். அடுத்த வருடமே, 2025-ல், பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் தலைமையிலான குழு அதைவிட வேகமான முறை ஒன்றைக் கொண்டுவந்தது, சாலைகள் மிக நெருக்கமாக இல்லாத படங்களுக்கு. இரண்டு பேரும் சரி! நான் முதலில் கேள்விப்பட்டபோது யாரோ ஒருவர் கணக்கில் ஓட்டை இருக்கும் என்றே நினைத்தேன். இரண்டையும் வைத்துக்கொண்டு படித்தால்தான் தெரிகிறது, கேள்வி வேறு. முதல் குழு கேட்பது, ஊர்களைக் கிட்டத்திலிருந்து தூரம்வரை வரிசையாக அடுக்கிக் கொடு என்று. இரண்டாவது குழு, ஒவ்வொரு ஊரும் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல், வரிசை எனக்கு வேண்டாம் என்கிறது. வரிசையை விட்டுக்கொடுத்தார்கள், நேரம் மிச்சமானது. அதே சாலை, அதே ஊர்தான். என் வேலையில் பாதிக்குமேல் இதுதான் அப்பா, யார் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது. பேராசிரியரும் (பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது) நான் எதைக் கொண்டுபோனாலும் விடையைப் பார்ப்பதில்லை, "கேள்வியை இன்னொரு தடவை சொல்லு" என்பார். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே "இது சுவாரசியமாக இல்லை" என்றும் சொல்லிவிடுவார், அதில் கோபமும் இருக்காது.

நான் எடுத்திருக்கும் கேள்வி இது: படம் கையில் இருக்கிறது, ஆனால் சில சாலைகள் அடைபட்டிருக்கின்றன, எது அடைபட்டது என்று அந்த இடத்துக்குப் போனால்தான் தெரியும். பாபாடிமிட்ரியூ, யன்னகாகிஸ் என்ற இரண்டு பேர் 1991-ல் இதற்குக் கனடா பயணியின் கணக்கு என்று பெயர் வைத்தார்கள், அங்கே பனி சாலையை மூடிவிடுமாம். நமக்குக் கனடா எதற்கு, 2015 நவம்பர் போதும். குறிஞ்சிப்பாடி பக்கம் பரவனாற்றுத் தண்ணீர் ரோட்டில் ஏறி, நீங்கள் ஐஸ் கரையக் கரைய வண்டியைத் திருப்பி வந்தீர்களே, அதே கணக்கு. மூன்று சாலை வரை அடைபட்டிருக்கலாம் என்று மட்டும் தெரிந்தால், மிக மோசமான நாளில், அடைப்பு எங்கே என்று முன்பே தெரிந்திருந்தால் ஓடியிருக்கும் தூரத்தைப்போல 7 மடங்கு ஓட வேண்டியிருக்கும். போய்த் திரும்பியது மூன்று தடவை, ஆக ஆறு, கடைசியில் போய்ச்சேர்ந்தது ஒன்று. அடைப்பு எங்கே என்று வேறு தகவலே இல்லாமல், முன்பே வகுத்த திட்டப்படி மட்டும் ஓட்டினால் எவ்வளவு யோசித்தாலும் இதைக் குறைக்க முடியாது என்று 2008-ல் நிறுவிவிட்டார்கள்.

"வேறு தகவலே இல்லாமல்" என்ற இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வருடம் நீங்கள் தண்ணீரைப் பார்த்துத் திரும்பவில்லை. தண்ணீருக்கு ரொம்ப முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எதிர்வண்டி ஒண்ணுகூட வரல, ரோடு அறுந்திருக்கு" என்று திருப்பினீர்கள், அம்மாகூட அவசரப்படுகிறீர்கள் என்று சண்டை போட்டார்கள். அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை, எழுந்து போய்ப் பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டார். வராத வண்டியும் ஒரு செய்தி. அதைக் கணக்கில் சேர்த்தால் அந்த 7 மடங்கு எவ்வளவு இறங்கும் என்பதுதான் இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை. பாதி நிரூபணம் ஆகிவிட்டது, மீதிப் பாதி இழுக்கிறது.

அதனால் எனக்கு ஒரு உதவி வேண்டும். ஒவ்வொரு ரோட்டிலும் எவ்வளவு நேரம் எதிர்வண்டி வராவிட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும்? வடலூர் ரோட்டுக்கும் பாண்டி ரோட்டுக்கும் அது ஒன்றாக இருக்காது, விடியற்காலை மூன்று மணிக்கும் காலை எட்டு மணிக்கும் ஒன்றாக இருக்காது. லோடு இல்லாமல் திரும்பும்போது தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அவன் எழுதிக்கொள்ளட்டும். ரோடு, நேரம், நிமிடம், மூன்று பத்தி போதும். மழை நாள் என்றால் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். பேராசிரியர் உங்கள் பெயரைக் கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் போடலாம் என்கிறார், இனிஷியல் முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்