பார்ட்டன் ஹாலில் ஒரு ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணா,

தினமும் உன் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னாய். அங்கே நடந்த கச்சேரி 40 வருஷம் கழித்து ஆல்பமாக வந்தது என்று அதையும் அனுப்பினாய். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது ராத்திரி அடுப்படி வேலை முடிந்தால் அதுதான் ஓடுகிறது.

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு அங்கே வாசித்தது 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்றைக்கு அன்னையர் தினம். மே மாதத்திலும் அன்று உங்கள் ஊர் இத்தாக்காவில் பனி விழுந்ததாம். உனக்கு அந்தக் குளிர் பழகிவிட்டதா?

'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டு எங்கே முடிகிறது, 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் சேர்ந்து 25 நிமிஷம் போகிறது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஃபில் லெஷின் பேஸ் கிட்டார் அடியில் நிதானமாக நடந்துகொண்டே இருக்கிறது. கச்சேரி முடியப்போகும் நேரத்தில் 'மார்னிங் டியூ'. அணுகுண்டு எல்லாரையும் அழித்த பிறகு மிஞ்சிய உலகத்தைப் பற்றிய பாட்டு. ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் முணுமுணுப்பில் தொடங்கி, ஏறி ஏறி, முடிவில் மழை கொட்டுவது போல ஆகிவிடுகிறது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் என் மனசில் நிற்பது அன்றைக்கு ஒலிப்பதிவு செய்த பெண்மணி, பெட்டி கேன்டர்-ஜாக்சன். வாடகைக் கிடங்கில் வைத்திருந்த அவருடைய டேப்புகள், வாடகை பாக்கிக்காக 1986-இல் ஏலத்தில் போயின. யார் யாரோ வாங்கினார்கள். அங்கிருந்து நகல்கள் கசிந்து ரசிகர்கள் கைக்கு வந்தன. ஒருவருக்கொருவர் பதிந்து அனுப்பிக்கொண்டார்கள்; காலி கேசட்டும் தபால் செலவும்தான் கணக்கு. காசுக்கு விற்பது அவர்களுக்குள் தகாத காரியம். இந்தக் கச்சேரியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தபோதுகூட, முறையான ஆல்பம் கிடையாது. மூல டேப்புகள் குழுவின் காப்பகத்துக்குத் திரும்பிய பிறகு, 2017 மே மாதம்தான் வெளிவந்தது. டேப் சுற்றும்போது வேகத்தில் வந்த சின்ன ஏற்ற இறக்கத்தைக்கூடச் சரிசெய்திருக்கிறார்கள். பெட்டி அன்றைக்கு அவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்யாமல் இருந்திருந்தால் அவர்கள் எதைச் சரிசெய்திருப்பார்கள்?

கேட்கக் கேட்க உன் தாத்தா நினைவு. அவர் தேவாரம் பாடிய கேசட் ஐந்து இருந்தன. ஒன்றின் மேல், கல்யாணமான புதிதில், நானே சினிமாப் பாட்டு பதிந்துவிட்டேன். என் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

மற்ற நாலையும் நேற்றுப் பரணிலிருந்து இறக்கினேன். இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை. ஓட்டிப் பார்க்கக் கை பரபரத்தது, ஆனால் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் டேப்பும் போகும், பிளேயர் ஹெட்டும் போகும் என்று ரேடியோ ரிப்பேர்க்காரர் சொன்னார். பீரோவில் பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீ வந்ததும் நல்ல ஆளாகப் பார்த்துச் சுத்தம் செய்து, லேப்டாப்பில் ஏற்றுவோம். அதற்கு என்ன ஒயர் வேண்டுமோ அங்கிருந்தே வாங்கி வந்துவிடு.

அம்மா