பிப்ரவரி 28-ல் ராமன் சிதறலின் இன்னொரு பக்கத்தையும் சொல்லுங்கள்

வடசென்னைப் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தேசிய அறிவியல் நாள் வந்தால் கண்காட்சி மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டுப் பால் விட்டு, டார்ச் அடித்து, 'ராமன் விளைவு' என்று அட்டை வைத்துவிடுகிறார்கள். அது ராமன் விளைவு இல்லை. பால் துளிகளில் சிதறும் ஒளியின் அதிர்வெண் மாறுவதில்லை. 1928-ல் ராமன் கண்டது, சிதறும்போது அதிர்வெண்ணே மாறுவதை. இதைத் திருத்தும்போது கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளை, நடுவில் ஹைட்ரஜன் எரிபொருள் வைத்த ஒரு சின்ன உருளைக்குள் பாய்ச்சினார்கள். அந்த எரிபொருளை நெருக்கி அணுக்கருக்களை இணைய வைப்பதுதான் நோக்கம். 2.05 மெகா ஜூல் உள்ளே போனது. அணுக்கரு இணைவில் 3.15 மெகா ஜூல் வந்தது. எண்ணூர்ப் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், "அப்போ இனிமே நிலக்கரி வேணாமா மிஸ்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த லேசரை இயக்கவே சுமார் 300 மெகா ஜூல் மின்சாரம் பிடித்தது. அப்புறம், வழியில் நிற்கும் தடைகளில் ஒன்று ராமன் பெயரிலேயே இருக்கிறது.

லேசர் பட்டதும் உருளைக்குள் பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் சூடான வாயு, உண்டாகிறது. ஒளி அங்குள்ள எலக்ட்ரான்களைக் கூட்டமாக ஓர் அலைபோல் ஆட வைத்து, தன் ஆற்றலில் ஒரு பங்கை அவற்றிடம் விட்டு, அதிர்வெண் குறைந்து சிதறுகிறது. சிதறிய ஒளியும் வந்துகொண்டிருக்கும் ஒளியும் சேர்ந்து அதே அலையை மறுபடி தள்ளுகின்றன. நேரம் பார்த்துத் தள்ளும் ஊஞ்சல் போல அது வளர்ந்துகொண்டே போகிறது. இதுதான் தூண்டப்பட்ட ராமன் சிதறல். ஆற்றல் வீணாவது ஒரு பக்கம். அந்த அலையில் வேகம் பிடித்த எலக்ட்ரான்கள் எரிபொருளை முன்கூட்டியே சூடாக்குவது அதைவிடக் கெடுதல்; சூடேறிய எரிபொருளை நெருக்குவது கடினம்.

1970-களின் கடைசியில் லிவர்மோரில் ஓடிய லேசருக்கு நம் சிவன் பெயர்தான். அகச்சிவப்பு ஒளியில் இயங்கிய அந்த 'சிவா' இந்த எலக்ட்ரான்களிடம்தான் மாட்டிக்கொண்டது. இந்தத் தொல்லையைக் குறைக்க, அதன்பின் வந்த லேசர்களில் ஒளியை 351 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்றினார்கள். உருளைக்குள் நிரப்பும் வாயுவின் அடர்த்தியையும் பின்னாளில் குறைத்தார்கள். இப்போது பல அதிர்வெண்கள் கலந்த லேசரை முயல்கிறார்கள். தள்ளுவது தாளம் தப்பினால் அலை வளராது.

பிளஸ் ஒன் பாடத்தில் அலைவும் ஒத்ததிர்வும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கிருந்து இங்கே வர ஒரு பீரியட் போதும். பரீட்சைக்கு வராதே என்று பிள்ளைகள் சொன்னாலும் தயவுசெய்து நடத்துங்கள். இந்தத் தடையை நீக்கும் வேலை இன்னும் முடியவில்லை, அதைச் செய்ய ஆட்கள் தேவை என்பதை அவர்கள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியை