ஆயில் ஒழுகினால் உடனே டிராக்டரைப் பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வேளாண் பக்கத்தில் வாசகர் ஒருவர், பழைய டிராக்டரில் எஞ்சின் ஆயில் ஒழுகினால் இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றினால் போதும் என்று யோசனை சொல்லியிருந்தார். நானும் அதைச் செய்து பார்த்தவன்தான். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரி திணறியதும், மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் ஏறும்வரை டக் டக் என்று சத்தம் வந்ததும்தான் மிச்சம்.

எங்களுடையது அப்பா 1982-ல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035. சென்னை டாஃபே தயாரிப்பு, மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். இன்றும் குறுவைக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி சேற்றுழவு ஓட்டுகிறேன். தரையில் சொட்டினால் மணலைப் போட்டு மூடிவிடலாம். நடவு வயலில் சொட்டினால் தண்ணீர் மேலே வானவில் மாதிரி படலம் நிற்கும். மடைக்குக் கீழே இருக்கும் பங்காளியின் வாய்க்குப் பதில் சொல்லி முடியாது.

எனக்கு வந்த ஒழுகல், எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில். மெக்கானிக் பார்த்தவுடனே "பின் சீல் போச்சு" என்றார். எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் அடைக்கிற சீல் அது. அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எஞ்சினுக்கு ஒரு ஜாக்கி, கியர் பாக்ஸுக்கு ஒரு ஜாக்கி. கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்கினால்தான் சீல் கண்ணுக்கே தெரியும். எங்கள் எஞ்சினில் அது ரப்பர் வளையமும் இல்லை, கிராஃபைட் பூசிய கயிறு. இரண்டு அரைவட்ட உறையில் பாதிப் பாதியாக அமுக்கி வைக்க வேண்டும். நுனியை மட்டமாக வெட்டிவிடக் கூடாது. மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் மூடும்போது இரண்டு பாதியும் நெருக்கிக்கொண்டு அடைக்கும். மூன்று நாள் வேலை, கூலியும் சாமானும் சேர்த்து ஒன்பதாயிரம். ஒரே மாதத்தில் திரும்பவும் சொட்டு. மெக்கானிக்கைத் திட்டி இரண்டாவது தடவையும் பிரிக்க வைத்தேன். அதுவும் நிற்கவில்லை.

கடைசியில் வேலையை விட்டு ஓய்ந்திருந்த ஒரு பழைய ஃபிட்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. எஞ்சினை டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடச் சொன்னார். பிறகு வீட்டில் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கேட்டார். (என் மனைவி அந்தக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை.) எஞ்சின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாகத் தூவிவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டோம். பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. ராக்கர் கவர் பேக்கிங்கிலிருந்து ஆரம்பித்து, எஞ்சின் முதுகோடு இறங்கி, ஹவுசிங் இடுக்கு வழியாக உள்ளே போய் அடியில் சொட்டியிருக்கிறது. பின் சீல் மேல் தப்பே இல்லை.

"பேக்கிங் ஏன் தள்ளுது?" என்று அவரே கேட்டுவிட்டு, எஞ்சினுக்குள் சேரும் புகை வெளியே போகும் பிரீதர் குழாயைக் கழற்றினார். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது! பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் புகை கிராங்க் பக்கம் இறங்கத்தான் செய்யும். வெளியே போக வழி அடைபட்டால் அந்த அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்து, கார்க் பேக்கிங் ஒன்று புதிதாக வைத்ததோடு சரி. செலவு இருநூறு ரூபாய்க்குள்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் பிரீதரைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கையும் பாருங்கள்: ஆயில் மட்டம் தானாக ஏறி, டீசல் வாசம் அடித்தால் டீசலை ஏற்றும் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து டீசல் உள்ளே இறங்கலாம். அதோடு ஓட்டினால் பேரிங் போய்விடும், ஒழுகல் அப்புறம்தான். ஹவுசிங்குக்கு அடியில் சொட்டுவது கறுப்பாக இல்லாமல் தெளிவாக இருந்தால் அது எஞ்சின் ஆயிலே இல்லை, கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல். இன்னொன்று, பேக்கிங் பேஸ்டை அள்ளி அப்பாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும்.

உண்மையிலேயே பின் சீல்தான் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. கெட்டி ஆயில் யோசனையை நம்பி யாரும் சீசன் நேரத்தில் எஞ்சினைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இடமிருந்தால் வெளியிடுங்கள்.

என் வண்டியும் இன்னும் சுத்தமாகிவிடவில்லை. இடது பின்சக்கர ஆக்சில் சீலில் சேறு புகுந்து, டிரம்முக்குள் ஆயில் இறங்கி, அந்தப் பக்கம் பிரேக் பிடிப்பதில்லை. ஆக்சிலை உருவி, பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் பழைய காலரை வெட்டி எடுத்துப் புதியதைச் சூடாக்கி இறக்க வேண்டும். மேட்டூர் திறப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
1035 வைத்திருக்கும் ஒரு விவசாயி,
திருவையாறு வட்டம்.