மகளிர் நலச் சங்கம்: குடும்ப வன்முறை ஆதரவுப் பணி, 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் எத்தனை குடும்பங்கள் நம்மிடம் வந்தன, எந்தத் தெரு, என்ன வழக்கு என்ற விவரம் எதுவும் இந்த அறிக்கையில் இருக்காது. எண்ணிக்கை இல்லாமல் ஆண்டறிக்கையா என்று சிலர் கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் நம் பகுதி சின்னது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார் என்று எழுதினாலே அது யார் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள், அந்தப் பேச்சு கணவர் வீட்டுக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகாது. பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கிறது, தலைவரையும் என்னையும் ஆலோசகரையும் தவிர யாரும் பார்ப்பதில்லை. இனிமேலும் அப்படித்தான்.

பொதுவான எண் வேண்டுமென்றால் அரசாங்கமே எடுத்த எண் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில், கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம். நாடு முழுவதற்கும் 29 சதவீதம். அதனால் ‘நம்ம ஏரியாவில் அப்படியெல்லாம் இல்லையே’ என்று இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். நம்மிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பணமோ வக்கீலோ இல்லை. ‘அக்கா, கூட ஒரு ஆள் வர முடியுமா?’ என்பதுதான். சட்டம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது, மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் (பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவியும் தற்காலிகத் தங்குமிடமும் தரும் அரசு மையம்) இருக்கிறது, இலவச சட்ட உதவி இருக்கிறது. இதில் ஒவ்வொரு படியையும் தனியாக ஏற முடியாமல்தான் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நாம் செய்த வேலையில் பெரும்பகுதி இந்தக் கூடப் போவதுதான், என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய வேலை நம் சங்கத்தால் ஆகாது.

காவல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் ‘உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. கூட ஒருவர் நின்று, மனுவைக் கொடுத்துவிட்டு, ‘சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கிட்டுத்தான் போவோம்’ என்று (மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது அது) பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் பேச்சே மாறிவிடும். சண்டை போட வேண்டியதில்லை, குரலை உயர்த்தவும் வேண்டாம், எழுந்து போகாமல் இருந்தால் போதும். அந்த ரசீதில் உள்ள நம்பர் பின்னால் எல்லா இடத்திலும் கேட்பார்கள். இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்கு இல்லை, அதே குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இருக்கிறது. ‘இது எங்க லிமிட்டில் வராது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த நிலையத்திலும் புகார் பதியலாம், அவர்களே உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் நம் தொண்டர்களுக்கு இந்த வருடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தோம். அடிபட்டு வருபவர் கூச்சத்தில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிடுவார், டாக்டரும் அதையே எழுதிவிடுவார், ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் அந்தச் சீட்டே அவருக்கு எதிராக நிற்கும். அதனால் கூடப் போகிறவர் வாசலிலேயே நிறுத்தி மெதுவாகப் பேச வேண்டும்: நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்கள், ஏ.ஆர்., அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பதிவு, போடச் சொல்லிக் கேளுங்கள், நகல் எங்கே எப்போது கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ‘கழுத்தைப் பிடிச்சாரா?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும். இதை அவர்களாகச் சொல்வதில்லை, கன்னத்தில் அறைந்ததைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். கழுத்தை நெரித்தால் வெளியே தடம் எதுவும் தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம், குரல் கம்முவது, விழுங்கச் சிரமப்படுவது எல்லாம் அதன் அடையாளம். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவர் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்படிப் பதில் வந்தால் அன்று ராத்திரி அந்த வீட்டுக்கு அவர் திரும்பிப் போகாமல் இருக்க என்ன வழி என்று பார்ப்பதுதான் நமக்கு முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

கோர்ட் வேலைதான் அதிக நேரம் தின்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் அதில் என்ன கிடைக்கும் என்று தெரிந்து வந்த ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. ‘கேஸ் போட்டா டைவர்ஸ் ஆயிடுமா?’ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆகாது. அடிக்கக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது என்று தடை கேட்கலாம், வீட்டில் இருக்கும் உரிமை கேட்கலாம், செலவுக்குப் பணம், குழந்தைகளின் பொறுப்பு, போட்டுக்கொண்டு வந்த நகை, சீர் எல்லாம் கேட்கலாம், விவாகரத்து கேட்காமலே. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று மிரட்டினால் அதற்கும் 2020இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது, கூடி வாழ்ந்த வீடு என்றால் மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கும். அம்மா வீட்டுக்குப் போய்விட்டவர் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தடை உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் உண்டு.

மனு கொடுத்த மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பது அப்படி இல்லை, வாய்தா மேல் வாய்தா என்று போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், குழந்தையை விட ஆள் வேண்டும், வராந்தாவில் கணவர் வீட்டார் கூட்டமாக நிற்பார்கள், இவர் தனியாக நிற்பார். அங்கே நாம் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு எந்தச் சட்ட அறிவும் வேண்டாம். நிறையப் பேர் ‘எனக்குச் சட்டம் தெரியாதே’ என்று தயங்குகிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

மனுவோடு போகும் டி.ஐ.ஆர். படிவத்தை, அதாவது வீட்டில் நடந்த வன்முறையை விவரிக்கும் அறிக்கையை, பாதுகாப்பு அலுவலர் நிரப்புவார், அவர் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பவர். அதில் தேதி கேட்பார்கள். பத்து வருடம் அடி வாங்கியவருக்குத் தேதி எப்படி நினைவிருக்கும்? ‘எப்பவும்தான் அடிப்பாரு’ என்பார். நம் ஆலோசகர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார், ஒரு பழைய தினசரி காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ‘பெரியவளுக்குக் காது குத்தினீங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா? தீபாவளிக்கு உங்க அண்ணன் வந்தாரே, அப்போ கையில கட்டு இருந்துச்சா?’ என்று கேட்டுக்கொண்டே போவார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே சரியான மாதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார், அந்த மாத ஆஸ்பத்திரிச் சீட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது உட்பட. உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தால் வருகிற ஞாபகம் இது.

பணத்தைப் பற்றி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது, கணக்கு அந்தப் பெண் பெயரில்தான், ஆனால் ஏ.டி.எம். கார்டு கணவர் பர்ஸில் இருக்கும், வங்கி எஸ்.எம்.எஸ். அவர் போனுக்குப் போகும். வீட்டை விட்டு வந்தவுடன் வங்கிக்குப் போய் போன் நம்பரை மாற்றி, கார்டை முடக்கிப் புதுக் கார்டு கேட்பதை இப்போது முதல் வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலையில்தான் எனக்குப் புரிந்தது, கையில் ஒரு ரூபாய் இல்லாமல் கிளம்பி வர முடிகிறது. போன் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. லொகேஷன் பகிர்வு, வாட்ஸ்அப் இன்னொரு கருவியில் திறந்திருப்பது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்தான், ஆனால் அந்த வீட்டிலேயே இருக்கும்போது திடீரென்று எல்லாவற்றையும் அணைத்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். கிளம்பப் போகிறார் என்று தெரிந்துவிடும் அந்தச் சமயம்தான் மிகவும் ஆபத்தானது.

பிள்ளைகள் படிப்பு. டி.சி. வாங்க அப்பா கையெழுத்து வேண்டும் என்று பழைய பள்ளி சொல்லும், டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்று புதுப் பள்ளி சொல்லும், நடுவில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து நம் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, செயற்குழுவில் நீண்ட நேரம் பேசிய விஷயம். ‘சங்கத்தில் பெரியவங்க இருக்கீங்க, ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பேசிச் சேர்த்து வையுங்க’ என்று சொந்தக்காரர்கள் வருகிறார்கள். நாம் அதைச் செய்வதில்லை, செய்யப் போவதும் இல்லை. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் எந்த உண்மையைச் சொல்ல முடியும்? சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி. ‘குடிச்சாதான் அப்படி, மத்தபடி தங்கமானவரு’ என்றும் சொல்வார்கள். குடித்துவிட்டு முதலாளியை அடிப்பதில்லையே அவர், மனைவியைத்தானே அடிக்கிறார். குடியை நிறுத்தச் சிகிச்சை வேண்டும் என்றால் வழி காட்டுவோம், ஆனால் சிகிச்சைக்குப் போனார் என்பதற்காகப் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டோம்.

அதே சமயம், அவராகத் திரும்பிப் போனால் தடுக்கவும் மாட்டோம். நம்மில் சிலருக்கு இதில் வருத்தம் இருக்கிறது, ‘இவ்வளவு அலைஞ்சோம், கடைசியில போயிட்டாளே’ என்று கூட்டத்திலேயே ஒருவர் அழுதார். குழந்தை, வாடகை, அம்மா வீட்டில் அண்ணியின் முகம் என்று அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள்தான் தங்கலாம், அப்புறம் இல்லங்களில் இடம் தேட வேண்டும், எல்லாராலும் முடிகிறதா? போனவர் மறுபடி வந்தால் ‘போன தடவையே சொன்னோமே’ என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. இதைத் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

மகன் அடிக்கும் தாய்மார்களும் இந்த வருடம் வந்தார்கள். அதே 2005 சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன், தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம் அது.

நிதி நிலையைப் பொருளாளர் வாசிப்பார். பெரும்பாலும் ஆட்டோ, நகல், தற்காலிகமாகப் போன் ரீசார்ஜ், இவைதான் செலவு.

வரும் ஆண்டுக்கு எங்களுக்கு வேண்டியது ஆட்கள்தான். ராத்திரி போன் வந்தால் எடுக்கவும், வண்டி ஓட்டவும் தெரிந்த பெண்கள் வேண்டும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களில் பேச வழியில்லாமல் நிற்கிறார்கள், இந்தியோ ஒடியாவோ வங்காளியோ தெரிந்தவர்கள் இருந்தால் பெரிய உதவி. வேலை நாளில் கோர்ட்டுக்கு வரக்கூடிய ஓய்வுபெற்றவர்கள், ஆண்களும்தான், மாதம் ஒருநாள் கொடுத்தால் போதும். புதிதாக வருபவர்களுக்கு ஆலோசகர் முதலில் பயிற்சி கொடுப்பார், அதற்குப் பிறகுதான் குடும்பங்களோடு அனுப்புவோம். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

செயலாளர்