மூச்சு எண்ணச் சொல்லித்தந்த அக்காவுக்கு நன்றி

நாயின் இதயத்தில் இரண்டாம் தர முணுமுணுப்பு (துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல்) என்று கேட்டுப் பதறியிருந்த எங்களுக்கு, வெள்ளவத்தையில் மிருக வைத்தியரைப் பார்க்கக் காத்திருந்த ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. பெயர் தெரியாது. நன்றி அக்கா.

மற்றவர்களுக்கும் உதவட்டும். நாய் நல்ல உறக்கத்தில் இருக்கும்போது நெஞ்சு ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாக வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் என்றால் பெரும்பாலும் பயமில்லை. கனவில் கால் உதறும்போதோ மூச்சிளைக்கும்போதோ எண்ணினால் கணக்குப் பிழைக்கும்; கொழும்புப் புழுக்கத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும்போது எண்ணுவதே சரி. தினமும் கொப்பியில் குறித்தால் அதன் வழமை பிடிபடும். 30ஐத் தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும், நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம்.

முணுமுணுப்பின் தரம் 6 வரை உண்டு. அது சத்தத்தின் அளவு மட்டுமே. இதயம் பெருத்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதய ஸ்கேன்)தான் காட்டும். இதய வால்வு கசிந்தாலும் இதயம் பெருக்காதவரை பிமோபெண்டன் என்ற இதய மருந்து பொதுவாகத் தேவையில்லை. (அயல்வீட்டு நாயின் குளிசையைக் கடன் வாங்கவே வேண்டாம்!) உப்பு மிகுந்த கருவாடு, அப்பளம் நிறுத்தம். கழுத்துப்பட்டிக்குப் பதில் மார்புப்பட்டி. நடை, வெயில் ஏறுமுன்.