சீலைப்பேன் சொல்லும் சாட்சி

அன்பு மகளுக்கு,

"நாய்க்குச் சட்டை இல்லை, எனக்கு மட்டும் ஏன்?" என்று நேற்று உன் மகன் கேட்டதும், "வெட்கமாக இருக்காதா?" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டாய். தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெட்கம் பிறகு வந்தது என்பதே என் எண்ணம்.

சிறுவயதில் உன் தலையில் பேன் பிடித்தது நினைவிருக்கிறதா? சீப்பால் வார வார, மடியில் விரித்த வெள்ளைத் துணியில் விழும், அழுதுகொண்டே எண்ணுவாய். அந்தத் தலைப்பேனுக்கு ஒரு பங்காளி உண்டு, சீலைப்பேன். துணியின் தையல் மடிப்பில் குடியிருந்து, அங்கேயே ஈர் வைக்கும். பசித்தால் மட்டும் தோலுக்கு வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆடை இல்லாவிட்டால் அதற்கு வீடே இல்லை. அப்படியானால் பங்காளிகள் இருவரும் பிரிந்த காலம்தான் மனிதன் ஆடை உடுத்தத் தொடங்கிய காலமாக இருக்க வேண்டும். மரபணுவைக் கொண்டு அதைக் கணக்கிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, குறைந்தது 83,000 ஆண்டுகள், ஒருவேளை 1,70,000 ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம் என்கிறது. அந்தக் காலத்துத் தோலாடைகள் எல்லாம் மக்கிப்போய்விட்டன. சாட்சி சொல்ல மிஞ்சியது இந்தப் பேன்தான்!

நம் உடம்பு ரோமம் அதற்கு வெகுகாலம் முன்பே குறைந்துவிட்டது. வெயிலில் ஓடியாடி வியர்த்தவனுக்கு அது வசதி, குளிரில்தான் வினை. விலங்கின் தோலைப் போர்த்திக்கொண்டான். ஆனால் போர்வைக்குள் காற்று புகும். உடம்போடு ஒட்டிய உடைக்குத் தையல் வேண்டும். சைபீரியாவில் ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழைய எலும்பு ஊசிகள் கிடைத்திருக்கின்றன, காதோடு. இன்று காலை உன் அப்பா சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். நூல் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்கியும் நாலாவது முறைதான் நுழைந்தது. இரும்பே அறியாத ஒருத்தி, எலும்பைத் தேய்த்து மெலிதாக்கி, உடையாமல் அதில் காது துளைத்திருக்கிறாள். (ஒருத்தன் என்று நீ வாதிடலாம். நான் ஒப்பமாட்டேன்.)

குளிர் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. தென் அமெரிக்காவின் தென்கோடிக் குளிரில் யாகான் மக்கள் உடம்பில் கொழுப்பைப் பூசி, படகிலேயே நெருப்பு மூட்டி, பெரும்பாலும் ஆடையின்றியே வாழ்ந்தார்கள். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதனைப் பார். வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் கொண்ட அவன் மேலங்கியில் வெளிர் நிறப் பட்டையும் கருநிறப் பட்டையும் மாற்றி மாற்றி இணைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. குளிரைத் தடுக்க ஒரே நிறம் போதாதா? யாரோ பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு அந்தத் தையலில் இருக்கிறது.

பதவி, துக்கம், கல்யாணம் எல்லாம் அதற்குப் பிறகு உடையில் ஏறிக்கொண்டன. வெட்கமும் அந்த வரிசையில்தான். எதை மறைப்பது என்பதில்கூட இனத்துக்கு இனம் ஒற்றுமை கிடையாதே!

பேரனுக்குச் சீலைப்பேன் கதையைச் சொல். இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அம்மா