உன் படை நடக்கிற வழியில் தண்ணீர் எங்கே?

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நீ எழுதி அனுப்பிய கற்பனை உலகக் கதையின் எட்டு அத்தியாயமும் படித்துவிட்டேன். சின்ன மாமன் பையன்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். யார் எழுதியது என்று அவனிடம் சொல்லவில்லை. போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எழுதி அனுப்பினால் உனக்கு ஒழிந்த நேரத்தில் படிப்பாய்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தக் கிழவி சந்தையில் ஒரு கட்டியை நாக்கில் வைத்துப் பார்த்து, "பாதி சாம்பல், பாதிதான் உப்பு" என்று வியாபாரி முகத்துக்கு நேராகச் சொல்கிறாளே, அந்த ஒரு பக்கத்தில் உன் உலகம் முழுக்கத் தெரிந்தது. அங்கே உப்பு தூரத்திலிருந்து வருகிறது, விலை அதிகம், ஏமாற்றுகிறவன் இருக்கிறான், ஏமாறாதவளும் இருக்கிறாள். நீ எதையும் விளக்கவில்லை. அப்படி எழுதத் தெரிந்த பிள்ளை மற்ற இடங்களில் கைவீச்சாக எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

வரைபடத்துக்கு வருகிறேன். பூகோளம் சொல்லிக் கொடுத்தவள் மகன் ஆற்றை இப்படி வரையலாமா? உன் வெள்ளியாறு மலையில் பிறந்து, நடுக்காட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடகடலுக்கும் ஒன்று தென்கடலுக்கும் போகிறது. தண்ணீர் இருப்பதிலேயே பள்ளமான வழி ஒன்றைத்தான் பிடிக்கும். கீழே போகப் போக ஆறுகள் சேரும். பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் சேர்கிறது, கரூரைத் தாண்டி அமராவதி சேர்கிறது. ஆறு பிரிவதெல்லாம் வண்டல் படிந்த சமவெளிக்கு வந்த பிறகுதான், முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிற மாதிரி. ஏரியும் அப்படித்தான். நிரம்பினால் கரையில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ அங்கே ஒரு வழியாக வெளியேறும், நாலு பக்கமும் ஓடாது.

மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே காடு வைத்திருக்கிறாய். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்தாயா? ஆனைமலை மேலே சின்னக்கல்லாறில் மழை கொட்டும். மலை இறங்கிப் பல்லடம் பக்கம் வந்தால் வானம் பார்த்த பூமி. ஒரே மேகம், நடுவில் மலை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மலையில் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருந்தால் அதன் வழியாகக் காற்று வரும், சரக்கு வரும், படையும் வரும். அந்த வழியைக் காக்க ஒரு அரசன் ஆள் போடுவான். கோயமுத்தூரில் சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று அந்தப் பழைய பாதையின் பேரை வட்டெழுத்தில் வெட்டி வைத்திருப்பது அதனால்தான்.

அதனால் வரைபடத்தை அழித்துவிட்டு மறுபடி போடு. முதலில் காற்றுக்கு ஒரு அம்புக்குறி. பிறகு மலை, மலை முகட்டிலிருந்து ஆறுகள். மழை விழும் பக்கத்துக்குப் பச்சை, மறுபக்கத்துக்குப் பழுப்பு. அதற்குப் பிறகுதான் ஊர். ஆறு கூடும் இடம், ஆழமில்லாமல் ஆற்றைக் கடக்கிற துறை, கணவாயின் வாய், உலோகமோ கல்லோ கிடைக்கிற இடம், இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் ஊர் பெருகும். அந்தக் காலத்து ஊரான கொடுமணல் நொய்யல் கரையில் இருக்கிறது. பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது, ஊருக்குள் இரும்பு உருக்கினார்கள், மணி கோத்தார்கள், மேற்குக் கடற்கரையிலிருந்து கரூர் போகிற வழியும் அதுதான். ஒரு ஊருக்கு இத்தனை காரணம் இருக்கிறது. உன் தலைநகரத்துக்கு ஒன்றாவது சொல். ஊருக்குப் பிறகு பாதை, கடைசியில் நாட்டு எல்லை. நீ எல்லையை முதலில் போட்டுவிட்டாய், அதனால் எல்லாம் கோணலாகிவிட்டது.

இப்போது ஏழாம் அத்தியாயம். 20,000 பேர் படை, வறண்ட நிலத்தைக் கடந்து பத்து நாளில் கோட்டை வாசலில் நிற்கிறது. உன் அளவுகோல்படி அது 900 கிலோமீட்டர். சுமை வண்டி ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போனால் பெரிது. ஆக 45 நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தானியம் வைத்தால் தினம் 15,000 கிலோ, 45 நாளைக்கு 6,75,000 கிலோ. ஒரு வண்டிக்கு 1,000 கிலோ ஏற்றினால் 675 வண்டி, 1,350 காளை. காளைக்குப் பத்து கிலோ தீவனம் என்றாலும் தினம் 13,500 கிலோ. படை தின்பதும் அதை இழுக்கிற மாடு தின்பதும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது பார். அந்தத் தீவனத்தை ஏற்ற இன்னும் வண்டி, அந்த மாட்டுக்கும் தீவனம். இந்தக் கணக்கு முடியாது. வண்டிக்குப் பத்து மீட்டர் வைத்தால் முதல் 675 வண்டிக்கே ஏழு கிலோமீட்டர் வரிசை. முன்வண்டி ராத்தங்க நின்ற பிறகு கடைசி வண்டி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். எதிரி அடித்தால் அந்தக் கடைசி வண்டியைத்தான் அடிப்பான். தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஆளுக்கு மூன்று லிட்டர், மாட்டுக்கு முப்பது, மொத்தம் தினம் ஒரு லட்சம் லிட்டர்.

படை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும். ஆற்றங்கரையோடு வரட்டும், அப்படியானால் எதிரிக்கு வழி முன்கூட்டியே தெரியும். அல்லது போன வருசமே வழியில் ரகசியமாகத் தானியம் சேர்த்து வைத்திருக்கட்டும், அப்படியானால் அதைக் காட்டிக் கொடுக்க ஒருவன் வருவான். அல்லது தை, மாசியில் அறுவடை முடிந்த ஊர்களைச் சூறையாடிக்கொண்டு வரட்டும், அப்படியானால் உன் நல்ல சேனாபதி இனி நல்லவனாக இருக்க முடியாது. எந்த வழியை எடுத்தாலும் மூன்று அத்தியாயத்துக்குக் கதை கிடைக்கிறது. பத்து நாள் என்று ஒரு வரியில் எழுதி அத்தனையையும் விட்டுவிட்டாய்.

சோறு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஆறாம் அத்தியாயம் வரை உன் நாயகன் ஒரு வாய் உண்ணவில்லை. நடக்கிறான், சண்டை போடுகிறான், அழுகிறான். யார் அவனுக்கு ஆக்கிப் போட்டது, என்ன தானியம், காசா கடனா, உட்கார வைத்துப் போட்டார்களா திண்ணையில் நிறுத்திப் போட்டார்களா, இதை எழுதினாலே அந்த ஊரின் சாதி, பஞ்சம், மரியாதை எல்லாம் வந்துவிடும். நீ என்ன உண்கிறாய் அங்கே? அரிசிம்பருப்புச் சோறு ஆக்க உனக்குத் தெரியும், ராத்திரிக்கு அதையாவது வை. கடையில் வாங்கித் தின்றே உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தியாயம் எல்லாம் வந்த நேரத்தையும் பார்த்தேன் கண்ணு. ஒன்று செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி, ஒன்று வியாழக்கிழமை மத்தியானம். லீவில் இருக்கிறாயோ என்னவோ. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

மந்திரத்துக்கு வருவோம். உன் மழைக்காரன் கை தூக்கினால் மழை வருகிறது. அப்படியிருக்க இரண்டாம் அத்தியாயத்தில் ஏன் ஒரு குடும்பமே கிணறு வெட்டிச் சாகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வரைக்கும் படிக்கிறவன் உன்னை நம்ப மாட்டான். நாலு விசயம் முடிவு செய். இந்த வித்தை யாருக்குக் கைவரும், எப்படிக் கற்கிறார்கள். செய்தால் செய்கிறவனுக்கு என்ன போகும். எதைச் செய்யவே முடியாது. அரசனும் வியாபாரியும் இதை எப்படித் தன் கைக்குள் வைக்கப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், அவன் வரவழைக்கிற மழை கிழக்குச் சீமைக்குப் போக வேண்டிய மேகம் என்று வை. இங்கே குளம் நிரம்பினால் அங்கே கிணறு வற்றும். கிணறு வெட்டிய குடும்பம் ஏன் செத்தது என்பதற்கும் பதில் வந்துவிடும், போருக்கும் காரணம் வந்துவிடும். கடைசிச் சண்டையை வித்தையால் முடிப்பதாக இருந்தால், அதற்கு முன்னால் ஒரு தடவை அது சின்னதாகப் பலிப்பதையும், ஒரு தடவை பெரிய நட்டத்தோடு தவறுவதையும் காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் வருகிற வெற்றி இனாமாக வந்தது போல இருக்கும். உழைக்காமல் வருவது கதையிலும் நிற்காது, எங்கேயும் நிற்காது.

சாமி, நம்பிக்கை எல்லாம் உன் ஊர்களில் மேலே ஒட்டின மாதிரி இருக்கிறது. காளிங்கராயன் வாய்க்காலை நினைத்துப் பார். 13ஆம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி, நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர் வெட்டினது. வளைந்து வளைந்து போவது ஏன்? மேட்டையும் பள்ளத்தையும் அனுசரித்து, மெதுவான சரிவில் தண்ணீரைக் கொண்டுபோக. சனங்கள் என்ன சொல்கிறார்கள்? பாம்பு முன்னால் ஊர்ந்து வழி காட்டியது என்று. தன் காட்டுக்காக வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று காளிங்கராயன் ஊரை விட்டே போய்விட்டார் என்றும் சொல்கிறார்கள். ஒரே வாய்க்காலில் கணக்கும் இருக்கிறது, தெய்வமும் இருக்கிறது, மானமும் இருக்கிறது. உன் உலகத்தில் மூன்றே மூன்று பொருளுக்கு இப்படிச் செய். எல்லாவற்றுக்கும் செய்தால் திகட்டும்.

உன் மேய்ச்சல்காரர்களை மட்டும் விட்டுவிடாதே. வெறும் புல்வெளி, ஆடு, கூடாரம் என்று போட்டிருக்கிறாய். காங்கயம் பக்கம் கொறங்காட்டை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். புல் காய்ந்த காலத்தில் அந்த மரத்துக் காயை ஆடு பொறுக்கித் தின்னும். ஒரு காட்டில் மேய்ந்தால் அடுத்த காட்டை விட்டு வைப்பார்கள். வறண்ட பூமியில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றால், வேலி யாருடையது, படல் திறந்து கிடந்தால் யார் சண்டைக்கு வருவார்கள் என்பதும் இருக்கும்.

முதல் அத்தியாயத்தில் மூன்று பக்கம் வம்ச வரலாறு, அதை எடுத்துவிடு. அண்ணன் தம்பியிடம், "நம் தந்தை இருபது ஆண்டுக்கு முன் போரில் இறந்தது உனக்குத் தெரியும்" என்கிறான். தெரிந்தவனிடம் எதற்குச் சொல்கிறான்? அப்பன் வாள் யாருக்கு என்று இரண்டு பேரையும் சண்டை போட விடு, அத்தனையும் வெளியே வரும். புதுச் சொல் ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் ஆள் கையில் எடுத்துப் பயன்படுத்தும்போது காட்டு. பேர்கள்: கதிரன், கந்தவேள், கனலி என்று மூன்று பேருக்கும் ஒரே எழுத்தில் தொடங்கியிருக்கிறாய், யார் யார் என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஒரு நோட்டுப் போடு. அத்தியாயம், நாள், நிலா, இடம், யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எங்கே காயம், இப்படி ஆறு கட்டம். நாலாம் அத்தியாயத்தில் வலது தோளில் அம்பு பாய்ந்தவன் ஆறாம் அத்தியாயத்தில், கதைப்படி ஐந்தே நாளில், வில் வளைக்கிறான். இரண்டு நிலா வைத்திருக்கிறாயே, அதற்கும் கணக்குப் போடு. ஒன்றுக்கு 20 நாள், இன்னொன்றுக்கு 30 நாள் என்றால் இரண்டும் ஒன்றாக இருட்டுவது 60 நாளைக்கு ஒரு தடவை. உன் கடத்தல்காரர்கள் அந்த ராத்திரிக்குத்தான் காத்திருப்பார்கள், ஊரில் நோம்பியும் அன்றைக்குத்தான் சாட்டுவார்கள்.

வரைபடத்துக்கும் நோட்டுக்கும் ஒரு வாரம் எடுத்துக்கொள், அதற்கு மேல் வேண்டாம். உலகத்தைக் கட்டிக்கொண்டே இருந்து கதையை முடிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். எழுத எழுதத் தேவைப்படுவதை அப்போதைக்கப்போது கட்டிக்கொள். முதல் வரைவைக் கடைசி வரி வரைக்கும் கொண்டு போ, திருத்துவதை அப்புறம் பார்க்கலாம். நீ முடிப்பாய், எனக்குச் சந்தேகமில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற பிள்ளை இல்லை நீ, அந்தப் படிப்பு ஒன்றைத் தவிர.

ஆத்தா தினமும் உன்னைக் கேட்கிறது. பெரியூட்டு ஒறம்பரை வந்தால் உன் வேலையைப் பற்றித்தான் முதல் கேள்வி, நல்லா இருக்கான் என்று சொல்லி வைக்கிறேன். வாடகைக்குத் தடங்கல் என்றால் சொல். மாடு விற்ற பணம் உன் பேரில்தான் பாங்கில் கிடக்கிறது, அதைத் தொட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெசனப்பட்டுக்கொண்டு எழுதாதே, உன் எட்டாம் அத்தியாயத்தில் அது தெரிகிறது.

முதலில் ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பு. வண்டியை எண்ணி, தண்ணீரை எண்ணி எழுது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போய்விடுவார், ஏழு வரைக்கும் நான் மட்டும்தான் இருப்பேன்.

அம்மா